அறுவடைக்கு முன் ஒரு மனம், பின் ஒரு மனமா?

மண்ணைப் பரிசோதித்து அதற்கேற்ப உரமிடுதல் வேண்டும் என்று பன்முறை எழுதப்பட்டுள்ளது. நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பி முளைப்புத் திறன் பார்க்கும் முறையையும் உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். ஆனால் மண்ணையும் விதையையும் கையாள்கின்ற மனிதன் எந்தச் சமயத்தில் சரியாக முடிவெடுக்கிறான், எந்தச் சமயத்தில் தடுமாறுகிறான் என்பதைச் சோதித்தறிய ஏதேனும் முறை உண்டா? உண்டு. சமூக அறிவியல் ஆய்வு என்பது அதுவே. "மனுசன் புத்தியை யார் அளக்க முடியும்?" என்று திண்ணையில் கேட்டு விட்டுவிடும் கேள்விகளை எடுத்து, ஆட்களை எண்ணி, நாட்களைக் குறித்து, ஒப்பிட்டுப் பார்த்து விடை தேடுவது அதன் வேலை.

அத்தகைய ஆய்வு ஒன்று நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடமே நடத்தப்பட்டு, உலகமெங்கும் பேசப்பட்டது. நாமக்கல், சேலம் சமவெளியில் கரும்பும் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் பயிரிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகப் பணம் பார்க்கும் குடும்பங்களுக்கு அது பெரிதும் பயன்படக் கூடியது. அதைச் சொல்லுமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

மறந்து போன கெடு

சில ஆண்டுகளுக்கு முன் மோகனூர்ப் பக்கம் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக்குச் சென்றிருந்தேன். இரண்டரை ஏக்கர் பூமி, கிணற்றுப் பாசனம். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். வரவு செலவைத் தனி நோட்டில் எழுதி வைப்பவர். அப்படிப்பட்டவர் மனைவியின் சங்கிலியைத் தனியார் அடகுக் கடை ஒன்றில் வைத்து, வட்டி கட்ட வேண்டிய கெடுவை மறந்துவிட்டார். கடையிலிருந்து வந்த கடிதம் மாட்டுத் தொழுவத்துச் சொருகு பலகையில் பிரிக்காமலே கிடந்தது. நகை ஏலத்தில் போய்விட்டது. அதற்குப் பின் முப்பத்தைந்து நாள் கழித்துக் கரும்புப் பணம் வந்தது.

"பணம் இல்லாம போனதுகூட பரவால்லீங்க சார். கடுதாசியப் பிரிச்சுப் பாத்திருந்தா மச்சான்கிட்ட கைமாத்து வாங்கியாச்சும் வட்டியக் கட்டியிருப்பனுங்க. அதப் பிரிக்கோணும்னே தோணலீங்களே, அதுதான் எனக்கு வெளங்கல" என்றார் அவர்.

அவர் மனைவி குறுக்கிட்டார்: "வெட்டு உத்தரவு வர்றதுக்கு முந்தி இவரு இவராவே இருக்கறதில்லீங்க. உப்பு வாங்கியாறச் சொன்னா சக்கரை வாங்கியாறாருங்க. காசு வந்துட்டா நல்லாயிருவாருங்க."

அன்று நான் அதைக் குடும்பப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். மனத்திற்குள் "கவனக்குறைவு" என்று ஒரு முத்திரையும் குத்திவிட்டேன். விரிவாக்கப் பணியில் இருப்போரிடம் இந்த முத்திரைகள் எப்போதும் கையில் இருக்கும்: கவனக்குறைவு, அக்கறையின்மை, பழமைப் பிடிப்பு. அந்த அம்மையார் சொன்னது ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி என்பது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. அவர் தம் கணவரை வேறொருவருடன் ஒப்பிடவில்லை. பணம் வருமுன் இருந்த கணவரையும், பணம் வந்தபின் இருந்த அதே கணவரையும் ஒப்பிட்டார். ஆய்வின் உயிர்நாடி அதுதான்.

ஒப்பிடுவதில் உள்ள சூட்சுமம்

வசதி குறைந்தவர்கள் கெடு தவறுகிறார்கள், அதிக வட்டிக்கு வாங்குகிறார்கள், மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இதற்குக் காரணம் என்ன? புத்தி மட்டாக இருப்பதால் ஏழையானார்களா, ஏழ்மை வந்ததால் புத்தி தடுமாறுகிறதா? ஒரு பணக்காரரையும் ஓர் ஏழையையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. இருவருக்கும் படிப்பு வேறு, சாப்பாடு வேறு, வளர்ந்த வீடு வேறு. எந்த வேறுபாட்டால் எது விளைந்தது என்று பிரித்தெடுக்க முடியாது. இரண்டு வயல்களில் மண், நீர், இரகம், உரம் எல்லாமே வேறாக இருக்கும்போது விளைச்சல் வேறுபாட்டுக்கு உரம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியுமா? அதைப் போன்றதே இது.

ஆகவே ஒரே ஆள் சில காலம் கையில் காசின்றியும் சில காலம் காசுடனும் இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். மாதச் சம்பளக்காரரிடம் இந்த வேறுபாடு சிறியது. ஆண்டுக்கு ஒரு முறை பணம் பார்க்கும் உழவரிடம் அது மிகப் பெரியது. கரும்பு விவசாயியிடம் மேலும் ஒரு வசதி உண்டு. நெல்லைப் போல ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் அறுவடை நடப்பதில்லை. ஆலையின் அரைவைத் திறனுக்கு ஏற்ப வெட்டு உத்தரவு ஒருவருக்கு முன்னும் மற்றொருவருக்குப் பல மாதம் பின்னுமாக வருகிறது. ஆகவே அதே மாதத்தில், அதே வெயிலில், அதே பண்டிகைக் காலத்தில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒருவர் அறுவடை முடித்தவராகவும் மற்றவர் முடிக்காதவராகவும் இருப்பர். "வெயில் காலத்தில் யாருக்குத்தான் மூளை வேலை செய்யும்?" என்ற ஆட்சேபத்திற்கு இதனால் இடமில்லாமல் போகிறது. வெட்டு உத்தரவு தாமதமாவதால் நாம் படும் துன்பம் ஆய்வாளருக்கு அனுகூலமாக முடிந்தது!

2010-ஆம் ஆண்டு ஆய்வு

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் என்ற நால்வர் இவ்வாய்வை நடத்தினர். 2010-ஆம் ஆண்டில், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் கண்டு சோதித்தனர். வருமானத்தில் குறைந்தது 60 விழுக்காடு கரும்பிலிருந்தே பெறுபவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர். ஆய்வின் முடிவு 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று.

முதலில், அறுவடைக்கு முன் கையில் காசு இல்லை என்பது உண்மைதானா என்று பார்த்தார்கள். நமக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றலாம். ஆயினும் ஆய்வில் தெரிந்ததையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். பின்னர் நூற்றுக்கு 4 பேர்தான். கடன் இருந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 99 பேர், பின்பு 13 பேர். இந்த எண்களைப் படிக்கும்போது நம் ஊர் அடகுக் கடைகளில் தை, மாசியில் நகை மீட்க நிற்கும் கூட்டம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்து இரண்டு சோதனைகள். ஒன்று, ரேவன் சோதனை எனப்படுவது. வரிசையாகச் சில உருவங்கள் இருக்கும். ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கும். அங்கு எந்த உருவம் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். கோலத்தில் ஒரு மூலையை அழித்துவிட்டு, விட்டுப்போன இழையைப் போடச் சொல்வது போன்றது. இதற்குப் படிப்பு தேவையில்லை, யோசனை தேவை. இச்சோதனையில் உழவர்கள் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 வினாக்களுக்கும், பின்னர் 5.45 வினாக்களுக்கும் சரியான விடை கூறினர்.

மற்றொன்று ஸ்ட்ரூப் என்பவரின் பெயரால் வழங்குவது. இது மனத்தை அடக்கி ஆளும் திறனைப் பார்ப்பது. நகரத்து ஆய்வுக்கூடங்களில் நிறப் பெயர்களை வேறு நிற மையில் அச்சிட்டுக் கேட்பார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களும் செய்யக் கூடியதாக இங்கு எண்களைக் கொண்டு அமைத்தார்கள். அட்டையில் 5 5 5 என்று இருக்கும். "ஐந்து" என்று சொல்லக் கூடாது. எத்தனை எண் எழுதியிருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். ஆகவே "மூன்று" என்பதே விடை. வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும், அதை அடக்கி மூன்று என்று சொல்வதில்தான் மனத்தின் உழைப்பு இருக்கிறது. அறுவடைக்கு முன் இதைச் செய்து முடிக்க 146 விநாடிகள் ஆயின. பின்னர் 131 விநாடிகளே ஆயின. தவறுகளும் சராசரி 5.93-லிருந்து 5.16 ஆகக் குறைந்தன.

இரண்டு நேரமும் அதே ஆள்தான். படிப்பும் நிலமும் அனுபவமும் மாறவில்லை. கையிருப்பும் கடனும் மட்டுமே மாறின.

ஆட்சேபங்களும் விடைகளும்

எந்த ஆய்வு முடிவைக் கேட்டாலும் "வேறு காரணம் இருக்குமோ?" என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். பூச்சி மருந்துக்காரர் காட்டும் விளைச்சல் கணக்கிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தினால் நன்றாகச் செய்திருக்கலாம் அல்லவா? ஆய்வாளர்கள் இதை முன்கூட்டியே எண்ணி 100 விவசாயிகளை முதற்சுற்றில் சோதிக்காமல் நிறுத்தி வைத்திருந்தனர். அவர்களை அறுவடைக்குப் பின்னரே முதல் முறையாகச் சோதித்தபோது, இரண்டாம் முறை செய்தவர்களை ஒத்தே அவர்களும் செய்தனர். ஆகவே பழக்கம் காரணமன்று. அரைவயிற்றுக் கஞ்சியால் மூளை சோர்ந்திருக்கலாம் என்பது இன்னொரு ஆட்சேபம். ஆனால் உணவுக்குச் செய்த செலவு அறுவடைக்கு முன் குறைந்திருக்கவில்லை.

பிறகு எதுதான் காரணம்? ஆய்வாளர்கள் கூறும் விளக்கம் இது: மனத்தின் கொள்ளளவுக்கு ஓர் எல்லை உண்டு. ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரில் ஒரே நேரத்தில் கிணற்று நீரையும் இறைத்து மாவு மில்லையும் ஓட்ட முடியாதல்லவா? வட்டிக்கு என்ன செய்வது, ஆள் கூலிக்கு என்ன செய்வது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கு யாரிடம் கேட்பது என்ற சிந்தனை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்போது, வேறொன்றுக்கு மிஞ்சும் சக்தி குறைவு. உழவர் சும்மா உட்கார்ந்திருப்பது போல நமக்குத் தோன்றும். உள்ளே மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதே ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்துக் கடைத்தெரு ஒன்றில் வேறு விதமாகவும் சோதித்தனர். வந்தவர்களிடம் "உங்கள் கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய 150 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள்?" என்று சிலரிடமும், 1,500 டாலர் ஆகும் என்று சிலரிடமும் கேட்டு யோசிக்க வைத்து, உடனே இத்தகைய சோதனைகளைக் கொடுத்தனர். வசதியுள்ளவர்களிடம் இரண்டு தொகைக்கும் வேறுபாடில்லை. வசதி குறைந்தவர்களோ சிறு தொகையைக் கேட்டபோது வசதியுள்ளவர்களுக்குச் சமமாகவும், பெருந்தொகையைக் கேட்டபோது மிகவும் பின்தங்கியும் செய்தனர். அக்குறைவு ஓர் இரவு முழுவதும் கண்விழித்தவரிடம் காணும் குறைவுக்கு ஒப்பானது என்று அவர்கள் கணக்கிட்டனர். இராத்திரி முறைத் தண்ணீர் கட்டிவிட்டுக் காலையில் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசியவர்களுக்கு இது எவ்வளவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

இம்முடிவை எல்லா அறிஞரும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைத்தெருச் சோதனையின் கணக்கிடும் முறையில் குறை கண்டு 2013-ஆம் ஆண்டிலேயே அதே இதழில் மறுப்பு வந்தது, ஆய்வாளர்களும் விடையளித்தனர். அமெரிக்காவில் குறைந்த வருவாயுள்ளவர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. என்னுடைய கருத்து, சம்பள நாளுக்கு முந்திய சில நாட்களையும் கரும்புப் பணத்துக்கு முந்திய சில மாதங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது. ஆயினும் இது கருத்துதான்.

ஒடிசா மாநிலத்தில் நடந்த வேறோர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களில் சிலருக்கு, அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்தனர். மொத்தக் கூலி கூடவில்லை, கொடுத்த நாள் மட்டுமே மாறிற்று. பணம் பெற்றவர்கள் உடனே கடன்களை அடைத்தார்கள். அதன் பின் அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. வேலையில் கவனப் பிசகும் குறைந்தது.

கென்யா நாட்டு உர விற்பனை

நம் பகுதிக்கு நேராகப் பயன்படக் கூடியது, ஆப்பிரிக்காவில் மேற்குக் கென்யாவில் மக்காச்சோள விவசாயிகளிடம் நடந்த ஆய்வாகும். டுஃப்லோ, கிரெமர், ராபின்சன் என்ற மூவர் இதை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதலிருவரும் 2019-ஆம் ஆண்டில் அபிஜித் பானர்ஜியுடன் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றவர்கள்.

அங்கு உழவர்களைக் கேட்டால் அடுத்த பருவத்துக்கு இரசாயன உரம் இடப்போவதாகவே பலரும் சொல்வார்கள். உரமிட வேண்டிய சமயம் வரும்போது கையில் காசு இராது. நமக்கு இது புதிதன்று. ஆய்வாளர்கள் செய்தது சிறு காரியம். அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும் நேரத்தில் வீட்டுக்கே ஆளனுப்பி, "இப்போதே உரத்துக்குப் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், தேவைப்படும்போது உரத்தை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறோம், வண்டிக்கூலி இல்லை" என்று கேட்கச் செய்தனர். உரத்தின் விலையில் தள்ளுபடி ஏதுமில்லை. ஆனாலும் உரமிட்டவர்களின் எண்ணிக்கை 47 முதல் 70 விழுக்காடு வரை உயர்ந்தது. பருவம் பிந்தி, பாதி விலை மானியம் கொடுத்தபோது கிடைத்த பலனுக்கு இது குறைவில்லை. கேட்கும் நேரத்தை மாற்றியதே போதுமானதாயிற்று.

நம் பகுதியில் எப்படிப் பயன்படுத்துவது?

ஆட்டோமேட்டிக்காக மாற்றம் வந்துவிடாது. பயிருக்குப் பயிர் பண வரவின் ஓட்டம் வேறு. அதை முதலில் உணர வேண்டும்.

கரும்புக்குப் பத்து முதல் பன்னிரண்டு மாதம். கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. அப்படியே நடப்பதாக நம்பிக் கெடு வைத்துவிடக் கூடாது. ஆலைக்கு அனுப்பாமல் வெல்லம் காய்ச்சிப் பிலிக்கல்பாளையம் சந்தைக்குக் கொண்டு போகும் பரமத்தி வேலூர்ப் பகுதியினருக்குப் பணம் சீக்கிரம் வரும், ஆனால் விலை நிலையில்லை. இராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு போடுபவர்களும் எட்டுப் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். விலையோ மாவுச்சத்துப் பாயிண்டைப் பொறுத்தது. இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. தரகர் முன்பணத்துடன் வருவது பெரும்பாலும் நாம் காசில்லாமல் இருக்கும் அந்த மாதங்களில்தான். எந்த மாதத்தில் பேரம் பேசினால் படியும் என்பதை அவர் எந்த ஆய்விதழும் படிக்காமலே அறிந்து வைத்திருக்கிறார்.

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குச் சங்கத்துப் பால் பணம் இடைவிடாமல் வருகிறது. தொகை சிறிதாயினும் வட்டிக் கெடுவைக் காப்பாற்ற அது உதவும். இரண்டு மாட்டுப் பால் பணத்தைக் கரும்புக் கடன் வட்டிக்கென்றே ஒதுக்கிவிடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மாட்டு இலாபம் என்ன என்று கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. நகை மட்டும் ஏலத்துக்குப் போகாது.

பணம் கைக்கு வந்த முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. அடுத்த பருவத்துக்குக் கரணை, உரம், சொட்டு நீர்க் குழாய் மாற்றம் ஆகியவற்றுக்கான தொகையைப் பிரித்து முன்கூட்டியே செலுத்திவிடலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய கெடுவுக்குள் திருப்பிக் கட்டுவோருக்கு வட்டியில்லை என்ற சலுகையை இழந்துவிடாதிருக்க, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டு அன்றே நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவிட வேண்டும். பயிர்க் காப்பீட்டுக் கடைசித் தேதியையும் அவ்வாறே. இவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால், பின்னால் பார்க்கப்போகிறவர் இப்போது இருக்கும் அதே தெளிவோடு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

மாறாக, வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் நில அடமானம், குத்தகை ஒப்பந்தம், கிணறு ஆழப்படுத்துதல், பிள்ளையின் படிப்புப் பிரிவைத் தேர்ந்தெடுத்தல் போன்ற பெரிய முடிவுகளை, முடிந்தவரை ஒத்திப் போடுவது நல்லது. ஒத்திப் போட முடியாதபோது ஒருவரே முடிவெடுக்காமல் மனைவியையும் வளர்ந்த மகனையோ மகளையோ உடன் வைத்துக்கொண்டு, தொகையையும் வட்டியையும் கெடுவையும் தாளில் எழுதி, ஓர் இரவு கழித்துக் கையெழுத்திட வேண்டும். தலையில் சுமப்பதைத் தாளில் இறக்கி வைத்தால் தலைக்கு அவ்வளவு பாரம் குறைகிறது.

இங்கே எங்களைப் போன்றவர்களையும் விட்டுவைக்கக் கூடாது. விரிவாக்கத் துறையினர் பயிற்சி முகாம்களைப் பெரும்பாலும் நிதி ஒதுக்கீடு வரும் மாதத்தைப் பார்த்து நடத்துகிறோம். உழவர் கையில் பணமும் மனத்தில் இடமும் இருக்கும் மாதத்தைப் பார்த்து நடத்துவதில்லை. சொட்டு நீர்ப் பாசன மானியத்துக்குப் பல சான்றுகளைக் கேட்கிறோம். கடனில் இருக்கும் மாதத்தில் ஒருவர் அந்தத் தாள்களில் ஒன்றை மறந்து வந்தால் "அக்கறையில்லை" என்கிறோம். முகாமில் தூங்கி வழிந்தவர்கள் எந்த மாதத்தில் தூங்கி வழிந்தார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

நீங்களே செய்து பார்க்கலாம்

இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அயல்நாட்டு அறிஞர்தான் வர வேண்டும் என்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் ஆண்டில் தம் மாணவர்களை விடுமுறையில் அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு பற்றிக் கேட்டெழுதி வரச் செய்தார். 1918-இல் அவை நூலாயின. அவற்றுள் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அதே ஊரை 1930-களிலும், 1981-இலும் மீண்டும் சென்று ஆராய்ந்தனர். சொந்த ஊர்க்காரன் கேட்ட கேள்விகளிலிருந்து தொடங்கிய பணி அது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளிடம் கேட்டு, ரையன், கிராஸ் என்ற இருவர் 1943-இல் வெளியிட்ட ஆய்வும் எளிய கேள்விகளால் ஆனதே. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை எந்த ஆண்டு முதலில் போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள், யாரிடம் கேள்விப்பட்டீர்கள்? விதை வியாபாரி மூலம் செய்தி தெரிந்தாலும், பக்கத்துத் தோட்டக்காரர் போட்டதைப் பார்த்த பிறகே பெரும்பாலோர் மனம் துணிந்தார்கள் என்பது அதில் வெளியாயிற்று. விரிவாக்கத் துறையில் முன்மாதிரிப் பண்ணை அமைக்கும் வழக்கத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுவூட்டின.

அவர்கள் "ஏன்?" என்று தொடங்காமல் "எப்போது, எவ்வளவு, யாரிடம்?" என்று கேட்டதைக் கவனிக்கவும். ஏன் என்று கேட்டால் மனிதர் தமக்கு மரியாதையான காரணத்தைச் சொல்லுவார்கள். எப்போது என்று கேட்டால் நடந்ததைச் சொல்லுவார்கள்.

வீட்டில் செய்யக் கூடியது இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வாரம் ஒரு நாள், சந்தை நாளாக இருந்தால் மறக்காது, நான்கு செய்திகளை மட்டும் எழுதி வரவும். கையிருப்பு எவ்வளவு, அடகும் கைமாற்றும் எவ்வளவு, அந்த வாரத்தில் மறந்து போனவையும் தவறிப் போனவையும் எவை, எடுத்த முக்கிய முடிவு எது. மறந்தது சிறிதாயினும் எழுத வேண்டும். வால்வு அடைக்க மறந்தது, மருந்தளவு மாற்றிக் கலந்தது, சைக்கிள் சாவியைத் தொலைத்தது எதுவானாலும் சரி. தாமே எழுதினால் தம் தவறு தமக்குத் தெரியாது போகும், ஆகவே மூன்றாவது செய்தியை மட்டும் வீட்டில் வேறொருவர் எழுதுவது நலம். ஓர் ஆண்டு முடிந்ததும் கடன் மிகுந்த வாரங்களையும் குறைந்த வாரங்களையும் தனித்தனியே பிரித்து, தவறுகளை எண்ணிப் பார்க்கவும்.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து செய்தால் கணக்கு இன்னும் உறுதியாகும். வெட்டு உத்தரவு முந்தி வருபவரும் பிந்தி வருபவரும் அதில் இருத்தல் வேண்டும். நோட்டில் வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு முடிவே, அதையும் மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

5 5 5 சோதனையையும் பிள்ளைகளை வைத்துச் செய்யலாம். தபால் அட்டை அளவில் இருபது அட்டைகள் வெட்டி, 2 2 2 2, 4 4, 3 3 3 3 3 என்பன போல எழுதிக்கொண்டு, கடிகாரம் பார்த்து, கரும்புப் பணம் வருமுன் ஒரு முறையும் வந்தபின் ஒரு முறையும் சொல்லச் சொல்லவும். இரண்டாம் முறை அட்டைகளின் வரிசையைக் கலைத்துவிட வேண்டும்.

மோகனூர் விவசாயி வீட்டில் இப்போது அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. சென்ற முறை போனபோது எடுத்துக் காட்டினார்கள். மூன்றாவது கட்டத்தை எழுதுவது அந்த அம்மையார். ஒரு வாரத்தில் "உப்பு" என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்குப் பத்து வரி கீழே, வேறு மையில், அந்த விவசாயியின் கையெழுத்தில், சங்கத்து நகைக்கடனுக்கு வட்டி கட்டிய ரசீது எண்ணும் தேதியும் இருந்தன. கெடுவுக்கு ஆறு நாள் முன்னதாகவே கட்டியிருந்தார்.